பிரிய மறந்த ஜோடி

வாசகரே, எழுந்து நின்று வலக்கையை உயர்த்த வேண்டியதில்லை. இருந்த கதிரையிலேயே இருங்கள். ஆனால் இந்த வழக்குக்கு நீங்கள்தான் சாட்சி. அன்று எங்கள் பாடசாலை மண்டபத்தில் இருந்தவர்களை என்னால் சாட்சிக்கு அழைக்க முடியாது. அவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். விழுந்து விழுந்து சிரித்தவரிடம் போய் விசாரித்தால் சிரிப்பை மட்டுமே சொல்வார். அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன வந்தது என்று சொல்லமாட்டார். நீங்கள் அங்கு இல்லை. ஆகவே நீங்களே நடுநிலையாளர். நடந்ததை நடந்த ஒழுங்கில் உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பு வேண்டாம். கண்டேன் என்று ஒரு சொல் போதும்.

முதலில் வழக்குரைப்பவனை அறிந்துகொள்ளுங்கள். நான் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்தவன். உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்தின் அழைப்பை எதிர்பார்த்திருக்கும் பெரும் படையில் ஒருவன். ஆனால் ஊரில் எவரும் என்னை அப்படி அடையாளம் சொல்வதில்லை. "பேச்சாளர்" என்பார்கள். பாடசாலை விவாத அணிக்குத் தலைமை தாங்கி, திருகோணமலை நகரத்து மண்டபங்களில் நான் ஏறாத மேடை குறைவு. ஏறிய மேடைகளில் நான் தோற்றது அதனிலும் குறைவு. தொடக்கத்தில் குரலைத் தாழ்த்தி வைக்கவும், நடுவில் எதிரணியின் வாதத்தை எடுத்து அதன் கையாலேயே அதன் கன்னத்தில் அறையவும், முடிவில் ஒரு கணம் நிறுத்திவிட்டு இறங்கவும் எனக்குத் தெரியும். அந்த ஒரு கணத்தில்தான் கரகோஷம் பிறக்கும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. உழைத்துக் கற்றது, கூச்சம் எதற்கு?

என்னால் வெல்ல முடியாத எதிரணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் ராத்தா, என் ஒரே அக்கா.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் எங்களோடுதான் இருக்கும் ராத்தாவுக்கு ஒரு மகள். அவளுக்கு ஆறு வயது. சிரித்தால் கண்கள் இரண்டும் மெல்லிய கோடுகளாகிவிடும். சிரிப்பு முடிந்த பிறகும் சிறிது நேரம் அப்படியே இருக்கும். பிந்தி நடந்தாள், சொற்களைப் பிந்திப் பெற்றாள், பெற்ற ஒவ்வொரு சொல்லையும் நெடுநேரம் வைத்திருந்து செலவழித்தாள். டவுன் சிண்ட்ரோம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். தாளம் என்றால் அவளுக்கு உயிர். தேங்காய் துருவும் ஒலிக்கே தலையாட்டுவாள்.

மகளைக் குறித்து ராத்தாவுக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. வருத்தமெல்லாம் தன்னைக் குறித்துத்தான். கருவுற்றிருந்த காலத்தில் அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பின்னேரத்தில் தன் கணவர், என் மச்சானோடு கிண்ணியாப் பாலத்துக்குப் போய், நடுவில் நின்று காற்று வாங்குவாள். இரு பக்கமும் தண்ணீர், மேலே சிவக்கும் வானம், கச்சான் கடலையின் மணம். ஊரில் பாதி அந்த நேரத்தில் பாலத்தில்தான் நிற்கும். பிள்ளை பிறந்த பிறகு, மச்சானின் தாய் அந்தித் தொழுகை நேரத்தைச் சுட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "மஃரிப் நேரத்துல வயித்தோட பாலத்துல நிண்டா இப்பிடித்தான் வரும்." இன்னொருத்தி அன்னாசியைக் குற்றம் சாட்டினாள். வேறொருத்தி கிரகணத்தைச் சொன்னாள். ராத்தா பாலத்துக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். நகரத்துக்குப் போக வேண்டியிருந்தால், பஸ் பாலத்தில் ஏறும்போது யன்னல் பக்கத்தை விட்டு உள்ளே நகர்ந்து, மடியில் இருக்கும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கைகளை மீண்டும் பாலத்தின் கைபிடியில் காண வேண்டும் என்பதே என் வேட்கை. அதற்காக மேடைகளில் வென்ற எத்தனை கேடயங்களையும் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வைத்தியர்கள் ஒன்றையும் மறைத்தவர்கள் அல்லர். நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று அமைதியாக விளக்கியிருந்தார்கள். அவள் தலையாட்டிக் கேட்டிருந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தபோது அவளிடம் மிஞ்சியிருந்தது 'கூடுதல்' என்ற ஒரு சொல்தான். தான் எதையோ கூடுதலாகச் செய்துவிட்டோம், கூடுதலாக நின்றுவிட்டோம், கூடுதலாக ஆசைப்பட்டுவிட்டோம் என்று அவள் அதை விளங்கிக்கொண்டாள்.

உயர்தர வகுப்பில் ஒடுக்கற்பிரிவைப் படித்து முடித்த வாரமே சமையல் நடந்துகொண்டிருந்த குசினியின் வாசலில் நான் நின்று வாதத்தைத் தொடங்கினேன். உடலின் ஒவ்வொரு கலத்திலும், அதாவது செல்லிலும், நிறமூர்த்தங்கள் இருபத்துமூன்று ஜோடி. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஜோடி சேர்ந்தவை. உடல் வளர்வதற்கும் காயம் ஆறுவதற்கும் நிகழ்வது இழையுருப்பிரிவு. அங்கே கலம் தன்னை அப்படியே படியெடுத்து இரண்டாகும். பிள்ளைக்கான முட்டையையும் விந்தையும் ஆக்குவது ஒடுக்கற்பிரிவு. அங்கே ஜோடிகள் பிரிந்து தொகை பாதியாகும். அப்படிப் பிரியும்போது எப்போதாவது ஒரு ஜோடி பிரியாமல் போய்விடும். அதில் எவர் குற்றமும் இல்லை. இவ்வளவையும் ஏற்ற இறக்கத்தோடு, ஓர் இடத்திலும் தடுக்கி விழாமல் நான் மொழிந்தேன். ராத்தா இறால் கோது உரித்துக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சிட்டு."

"நல்லாக் கதைச்சாய். நீ வெண்டுட்டாய். ஆனா நான் தோக்கல்ல தம்பி."

"அதெப்பிடி ராத்தா? ஒராள் வெண்டா மற்றாள் தோக்கத்தானே வேணும்?"

"அது மேடையில. இது குசினி. இந்தா, இந்த இறாலுக்குத் தலையக் கிள்ளு."

கிள்ளினேன். அந்த வருடம் முழுவதும் பல தடவை வாதிட்டேன்; பல சட்டி இறாலுக்குத் தலை கிள்ளினேன்.

இந்த நிலையில்தான் பாடசாலையில் விஞ்ஞான தினம் வந்தது. பெற்றோர் எல்லோரும் வருவார்கள், கலப்பிரிவைப் பற்றி அவர்களுக்கும் விளங்கும்படி பேச வேண்டும் என்று உயிரியல் ஆசிரியை என்னை அழைத்தார். நான் அழகான உரை ஒன்றை ஆக்கினேன். 'ஒன்று இரண்டாகும் அற்புதமே!' என்று தொடங்கும். முந்திய நாள் பாடசாலைத் திடலில், வாகை மரத்தின் கீழ், அதை ஒத்திகை பார்த்தேன். கேட்பவர்களாக அங்கே அமர்ந்திருந்தவர்கள் பொல்லடிக் குழுவினர்.

பொல்லடி என்பது எங்கள் பகுதி முஸ்லிம்களின் கம்பாட்டம். ஆளுக்கு இரண்டு குறும்பொல்லுகள். ஆட்டக்காரர் ஜோடி ஜோடியாக வட்டத்தில் நின்று, பாட்டின் நடைக்கு ஏற்பப் பொல்லோடு பொல்லை அடித்து, குனிந்து, சுழன்று, மாறி, மீண்டும் தத்தம் ஜோடியின் முகத்துக்கே வந்து சேருவார்கள். கல்யாணமென்றாலும் பெரிய மனிதர் வரவேற்பென்றாலும் அந்த ஒலி கேட்காமல் காரியம் சிறக்காது. மறுநாள் அதிதிகளை வரவேற்பதற்காகக் குழு வந்திருந்தது. குழுவை நடத்துபவரை அண்ணாவி என்பார்கள். எங்கள் அண்ணாவி நரைத்த தாடிக்காரர் அல்லர்; என்னைவிட ஐந்தாறு வயது மூத்த, கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் இடையே முச்சக்கரவண்டி ஓட்டும் காக்கா ஒருவர்; மூத்த ஆண்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அவருடைய நாக்குக்குத் தடுப்புக்கட்டை கிடையாது.

நான் பேசி முடித்து, இறுதியில் அந்த ஒரு கணத்தையும் நிறுத்தினேன். கரகோஷம் வரவில்லை. அண்ணாவி கொட்டாவி விட்டார்.

"பேச்சாளரே, குறை நினைக்காதீங்க. ஒங்கட கலம் பிரியிறத்துக்குள்ள எங்கட உசிர் பிரிஞ்சிரும் போல கிடக்கு."

"காக்கா, ஒங்களுக்கு விளங்கல்லயா?"

"விளங்கிச்சு, விளங்கிச்சு. தமிழ் நல்லா விளங்கிச்சு. விசயந்தான் வந்து சேரல்ல."

குழு முழுவதும் சிரித்தது. ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் தன் ஜோடிக்காரரின் தோளில் பொல்லால் தட்டினார். அந்த இருவரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாசகரே. ஒருவர் களப்பில் வலைவீசும் மீனவர். மற்றவர் சந்தியில் சலூன் வைத்திருப்பவர். சிறுவயதிலிருந்தே ஒருவருக்கொருவர் ஜோடி. தேநீர்க் கடைக்குக்கூட ஒன்றாகத்தான் போவார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எழுந்து பழகத் தொடங்கினார்கள். எட்டுப் பேர், நான்கு ஜோடி. எதிரெதிரே நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரே மாதிரியான இரண்டு பொல்லுகள். அப்போது என் கோபம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரனும் ஒரு நிறமூர்த்தம். அவன் கையிலிருக்கும் இரண்டு பொல்லுகளும், பிரிவதற்கு முன் அந்த நிறமூர்த்தம் எடுத்துக்கொண்ட இரட்டைப் படிகள். எதிரே நிற்பவன் அவனுடைய ஜோடி. நான் புத்தகத்தில் இரண்டு வருடம் தேடியது, வாகை மரத்தின் கீழ் வியர்த்துக்கொண்டு நின்றது.

"காக்கா!" என்று கத்தினேன். "நாளைக்கு என்ட பேச்ச நீங்க ஆடுவீங்களா?"

"பேச்ச ஆடுறதா? பேசிப் பேசிப் பொடியனுக்குச் சூடு ஏறிட்டுடா" என்றார் அண்ணாவி. ஆனால் அடுத்த மூச்சிலேயே, "சரி, எங்க நிக்கணும்? சொல்லு" என்றார்.

அன்று பின்னேரம் முழுவதும் பழகினோம். நான்கு பேரின் பொல்லுகளுக்குப் பச்சை நாடா, அது தாய்வழி. எதிரே நிற்கும் நான்கு பேருக்கு வெள்ளை நாடா, அது தந்தைவழி. நிலத்தில் இரண்டு பாய்கள். நான் கை தட்டிக் கட்டளையிட்டேன். அவர்கள் அதன்படி நடந்தார்கள். ஒரு பிசகும் இல்லை. "நீங்களும் ஒருக்காப் பொல்லப் பிடிச்சுப் பாருங்களன்" என்று சலூன்காரர் என்னிடம் நீட்டினார். மறுத்துவிட்டேன். மேடையில் என் கால்கள் நிற்பதற்கு மட்டுமே பழகியவை. ஆட்டம் என்றால் ஒன்று கிழக்கே போகும், மற்றது மேற்கே போகும். சிறுவயதில் ஒரே ஒரு தடவை வட்டத்தில் நின்று, விரலில் அடி வாங்கி, அன்றே விடைபெற்றவன் நான். பொல்லடியில் முதற்பாடம் ஒன்றுதான்: ஜோடியை விட்டால் விரல் போகும்.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். பெண்கள் பக்கத்து முன்வரிசையில் மச்சானின் தாய் அமர்ந்திருந்தார். அவருடைய இளைய மகள் அங்கே படிப்பிக்கிறாள். ராத்தாவை நான் அழைத்திருந்தேன். "எனக்கு ஏலாது, மா குழைச்சு வெச்சிருக்கன்" என்றிருந்தாள். வராத எதிரணியை எண்ணிக்கொண்டு நான் ஒலிவாங்கியின் முன் நின்றேன்.

முதலில் இழையுருப்பிரிவு. எட்டுப் பேரும் வரிசையாக நடுவில் நின்றார்கள். நான் கையை உயர்த்தினேன். ஒவ்வொருவரும் ஒரு பொல்லை வலப்பாயிலும் மற்றதை இடப்பாயிலும் வைத்தார்கள். வலப்பக்கம் எட்டு, இடப்பக்கம் எட்டு. பச்சை நான்கு, வெள்ளை நான்கு, இரண்டிலும் ஒரே கணக்கு. "உங்கள் பிள்ளையின் முழங்காலில் காயம் ஆறியது இப்படித்தான். பழைய கலம் எதையும் மறக்காமல் புதிய கலத்துக்குக் கொடுத்தது. உங்கள் வயலில் விதைநெல் முளைத்து நெட்டையாக எழுந்ததும் இப்படித்தான்" என்றேன். முன்வரிசையில் ஒரு கமக்காரர், "ஓம், சரிதான்" என்று தலையாட்டினார். ஒரு கமக்காரர் தலையாட்டினால் மண்டபம் தலையாட்டியது போல.

பொல்லுகளை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தது ஒடுக்கற்பிரிவு. இங்கே அண்ணாவி என் கட்டளைக்குக் கட்டுப்பட மறந்தார். மண்டபம் நிறைந்திருக்கிறது, எட்டுப் பேர் ஜோடி சேர்ந்து நிற்கிறார்கள், தாளம் கையில் இருக்கிறது. அப்படியிருக்க ஓர் அண்ணாவியால் வாயை மூடிக்கொண்டு எப்படி நிற்க முடியும்? பாடத் தொடங்கிவிட்டார். பொல்லுகள் ஒலித்தன. நானும் தடுக்கவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது. ஜோடிகள் சுழலும்போது ஆளுக்கொரு பொல்லை மாற்றிக்கொண்டார்கள். பச்சைக்காரன் கையில் ஒரு வெள்ளை, வெள்ளைக்காரன் கையில் ஒரு பச்சை. "பாருங்கள்! தாய்வழியும் தந்தைவழியும் இங்கேதான் கலக்கின்றன. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் ஒன்றுபோல் இல்லாதிருப்பதற்கு இந்தப் பரிமாற்றமும் ஒரு காரணம்!" என்று பாட்டுக்கு மேலாகக் கூவினேன். கைதட்டல் எழுந்தது.

அந்தக் கைதட்டலுக்கிடையே வாசலில் ஒரு சலசலப்பு. ராத்தாவின் மகள், என் மருமகள், ஓடி வந்து நின்றாள். எங்கள் வீடு பாடசாலை மதிலுக்கு அப்பால்தான். பொல்லொலி கேட்டதும் வீட்டை விட்டுப் பறந்திருக்கிறாள். அவளைத் துரத்திக்கொண்டு, விரல்களில் மாவோடு, முக்காட்டைச் சரிசெய்தபடி ராத்தா வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். திரும்பிப் போகத்தான் பார்த்தாள். பிள்ளை நகரவில்லை.

நான் பாட்டைப் பின்தொடர்ந்து, குரலை உயர்த்தி, "இனி, பிரிக!" என்றேன்.

ஒத்திகையில் கட்டளை மட்டும் இருந்தது, பாட்டு இல்லை. இப்போது பாட்டு இருந்தது. பாட்டு முடிவுத் தாளத்துக்கு வந்தால் ஆட்டக்காரன் ஜோடியின் முகத்துக்குத் திரும்புவான். அது அவனுடைய எலும்பில் எழுதியது. மூன்று ஜோடிகள் என் கட்டளையை நினைத்துப் பிரிந்தன. ஒருவர் வலப்பாய்க்கும் மற்றவர் இடப்பாய்க்கும் போனார். மீனவரும் சலூன்காரரும் பிரியவில்லை. தாளத்தின்படி ஒருவரையொருவர் நோக்கித் திரும்பி, பொல்லோடு பொல் அடித்து, அடித்த வேகத்தில் இருவரும் ஒன்றாக வலப்பாயில் போய் இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள்.

வலப்பக்கம் ஐந்து பேர். இடப்பக்கம் மூன்று பேர். மண்டபம் வெடித்தது.

"டேய், பிரியச் சொன்னது விளங்கல்லயா?" என்று அண்ணாவி தலையில் கை வைத்தார்.

"பேச்சாளர் சொன்ன தமிழ் விளங்கல்ல காக்கா" என்றார் மீனவர். சிரிப்பு கூரையைத் தொட்டது.

என் காதுகள் சுட்டன. மீண்டும் தொடங்குங்கள் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

"தம்பி."

வாசலிலிருந்து ராத்தாவின் குரல். ஆறு வருடமாக நான்கு பேர் கூடிய இடத்தில் எவரும் கேளாத குரல்.

"தம்பி, இப்ப இது என்ன?"

சிரிப்பு அடங்கியது. நான் அந்த ஐந்து பேரைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஒலிவாங்கியை விட்டு விலகினேன்.

"இதுதான் ராத்தா. நான் குசினியில சொல்லிச் சொல்லி ஏலாமப் போனது. ஒரு ஜோடி பிரியல்ல."

"இந்த அஞ்சு பேர் இரிக்கிற பக்கம் பிள்ளையானா?"

"தாயோ தகப்பனோ, மற்றவரிட பக்கத்திலிருந்து நாலு வரும். எட்டு இரிக்க வேண்டிய இடத்துல ஒன்பது."

"ஒண்டு கூட."

"ஓம். ஒண்டு கூட."

அவள் மகளின் கையை விடாமலே நான்கைந்து எட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பாயில் நின்ற இருவரையும் பார்த்தாள்.

"தம்பிமாரே, நீங்க ஏன் பிரியல்ல?"

மீனவர் சலூன்காரரைப் பார்த்தார். சலூன்காரர் மீனவரைப் பார்த்தார்.

"தெரியா ராத்தா. தாளம் விழுந்திச்சு. இவன்ட மூஞ்சி முன்னால இருந்திச்சு. வந்திட்டம்" என்றார் சலூன்காரர்.

"ஆரும் சொல்லித் தந்தவங்களா?"

"இல்ல ராத்தா."

"நேத்துப் பின்னேரம் பாலத்துல நிண்டனீங்களா?"

"நேத்து முழுக்கப் பொல்லுப் பழகினம் ராத்தா, எங்க போறது?"

"அன்னாசி ஏதும் திண்டனீங்களா?"

"காலையில இடியப்பம் திண்டனான்" என்றார் மீனவர் மிகுந்த பணிவோடு. "இவன் என்ட பங்கையும் சேத்துத் திண்டவன்."

மண்டபம் மறுபடி வெடித்தது. இந்தத் தடவை அந்தச் சிரிப்பின் நடுவில் ராத்தா நின்றாள், அவளும் சிரித்தாள். மாவு படிந்த விரல்களால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் சிரித்ததை நான் மறந்திருந்தேன். மருமகளைப்போலவே அவளுக்கும் சிரித்தால் கண்கள் கோடுகளாகும்.

சிரிப்பு ஓயும் முன்பே முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மச்சானின் தாய்.

"மகன், எனக்கொரு கேள்வி. இந்தப் பிரியாத ஜோடி தாயிட பக்கத்துல மட்டுந்தான் வருமா?"

"இல்ல மாமி. முட்டையிலயும் வரும், விந்திலயும் வரும். தாய்க்கு வயசு ஏறினாக் கொஞ்சம் கூட வரும் எண்டுறது உண்மை. ஆனா ராத்தாவுக்கு அப்ப இருபத்தஞ்சுகூட இல்ல. எந்த வயசிலயும் வரும்; எந்தக் குடும்பத்திலயும் வரும்."

"அப்ப எங்கட பக்கமாயும் இரிக்கலாம்."

"இரிக்கலாம் மாமி. அப்பிடி இருந்தாலும் அது பக்கத்துட பிழை இல்ல."

அவர் உதட்டை அழுத்திக்கொண்டார். பிறகு தன் மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்துக் கதிரையில் வைத்தார்; வைத்ததை உடனே எடுத்து மீண்டும் மடியில் வைத்தார். முன்பே காலியாக இருந்த கதிரையில் அவளுக்கு இடம் ஒதுக்குவதுபோல் இருந்தது. "மகள், ஏன் நிண்டுக்கிட்டு இரிக்கிற? வந்து இரி" என்றார்.

ராத்தா போய் அமர்ந்தாள். அமரும்போது மகளின் கையை விட்டாள். விட்டதுதான் தாமதம், பிள்ளை நேரே வலப்பாய்க்கு ஓடினாள். ஐந்து பேரின் நடுவில் நின்றுகொண்டு சலூன்காரரிடம் கையை நீட்டினாள். அவர் தம் பொல்லுகள் இரண்டையும் கொடுத்துவிட்டார். அவள் மீனவரின் முகத்தைப் பார்த்தாள், தாளத்துக்குக் காத்திருந்தாள். தாளம் வரவில்லை. "மாமா, டக் டக்" என்று என்னிடம் முறையிட்டாள்.

"அண்ணாவி இஞ்ச இரிக்கக்குள்ள மாமாட்ட என்னத்துக்குக் கேக்கிற?" என்று காக்கா தாளத்தை எடுத்தார்.

பாட்டு மீண்டும் எழுந்தது. வாசகரே, இதைக் கவனமாகக் காணுங்கள். எட்டுப் பேர் ஆடும் வட்டத்தில் அன்று ஒன்பது பேர் ஆடினார்கள். மீனவர் அவளுடைய உயரத்துக்குக் குனிந்தே ஆடினார். சலூன்காரர் வெறுங்கையைத் தட்டிக்கொண்டு சுழன்றார். மற்றவர்கள் வட்டத்தைக் கொஞ்சம் விரித்து இடம் கொடுத்தார்கள். அவளுடைய அடி ஒவ்வொன்றும் தாளத்துக்குச் சரியாக விழவில்லை. சில பிந்தி விழுந்தன. பிந்திய அடிக்காக மீனவர் தம் பொல்லை ஏந்திக்கொண்டு காத்திருந்தார். என் உரையின் கடைசிப் பகுதி, நான் நிறுத்தி வைத்திருந்த அந்த ஒரு கணம், எதுவும் தேவைப்படவில்லை. நேரம் போய்விட்டது என்று பாடசாலை அதிபர் இரண்டு தடவை மணியைப் பார்த்தார். மூன்றாவது தடவை அவரும் கைதட்டத் தொடங்கிவிட்டார்.

பகலுணவுக்குப் பிறகு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறு வருடத்துக்கு முன் சொன்ன வார்த்தையை அவர் திரும்ப எடுப்பாரோ என்று நான் அறைக்குள்ளிருந்து காதைக் கூர்மையாக்கினேன். மேடைப் பழக்கம், மறுப்புரையைக் கேட்க ஆசைதான். அவர் அப்படியொன்றும் பேசவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்து, வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குக் கால் விறைச்சுக் கிடக்கு. பின்னேரம் பாலத்துக்குப் போய்க் கொஞ்சம் நடப்பமா மகள்?"

குசினியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. "மஃரிபுக்கு முந்தியா, பிந்தியா மாமி?" என்றாள் ராத்தா.

"அந்த நேரத்துலதான் காத்து நல்லம்" என்றார் மாமி.

போனோம். மச்சானும் தம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்தார். மஃரிபைத் தொழுதுவிட்டு, பாலத்தின் நடுவுக்கு நடந்தோம். வானம் இன்னும் சிவந்திருந்தது. கீழே தோணியொன்று விளக்கை ஏற்றிக்கொண்டு போனது. கச்சான்காரர் சுருள் மடித்துக்கொண்டிருந்தார். ராத்தா கைபிடியைப் பிடித்தாள். ஒரு கையால் அல்ல, இரண்டு கையாலும் பிடித்தாள். மாமி அவளுக்கு அருகே நின்று, காற்றில் பறக்கும் முக்காட்டோடு போராடிக்கொண்டிருந்தார். மச்சான், "கச்சான் சூடா இரிக்கு" என்றார். அவருடைய நீண்ட உரைகளில் அதுவும் ஒன்று.

மருமகள் பொல்லுகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள், பாலத்துக்கும் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் பச்சை நாடா, மற்றதில் வெள்ளை. கைபிடியில் தட்டிப் பார்த்தாள். கம்பி நன்றாக ஒலித்தது. ஆனால் திருப்பி அடிக்கவில்லை. அவளுக்கு அது போதவில்லை. சுற்றிப் பார்த்தாள். வெள்ளை நாடாப் பொல்லை என் கையில் திணித்துவிட்டு, எதிரே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு முச்சக்கரவண்டி எங்களருகே வந்து வேகம் குறைத்தது. அண்ணாவியின் தலை வெளியே நீண்டது.

"என்ன பேச்சாளரே! பொல்லு கையில இரிக்கு! ஆடத் தெரியுமா, இல்ல அதுக்கும் உரை ஆற்றப் போறீங்களா?"

"தெரியாது காக்கா" என்றேன்.

"பழகினா?"

பாலத்தில் நடந்துகொண்டிருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் நின்று பார்த்தன. ராத்தா திரும்பினாள். எனக்கு முன்னால் ஒரு சபை இருந்தது, ஒலிவாங்கி இல்லை. தொண்டையைச் செருமினேன். மேடைத் தமிழ் ஒன்று வாய்வரை வந்தது, அதை விழுங்கினேன். பச்சை நாடாப் பொல்லை ஓங்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து, அண்ணாவிக்கும் மாமிக்கும் பாலத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன்:

"வாற பெருநாளைக்கு வட்டத்துல ஒனக்கு ஜோடி நான்தான். விரல்ல அடி விழட்டும், ஊர் சிரிக்கட்டும். ஒன்ட அடி பிந்தி வந்தாலும் காத்து நிப்பன். ஆர் பிரியச் சொன்னாலும் மாமா பிரியமாட்டன்."